சேமித்தாலும் சீட்டு, சூதாடினாலும் சீட்டு

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசல் முழுக்கச் செருப்புகள் கிடக்கும். உள்ளே கூடத்தில் பாய் விரித்திருப்பார்கள். இருபது பேர் சேர்ந்த ஏலச்சீட்டு அது. ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், இருபது மாதங்கள். நடத்துகிற அக்கா நீளக் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "யாருக்கு அவசரம்?" என்று கேட்ட பிறகுதான் ஏலத்தைத் தொடங்குவார். "பத்தாயிரம் தள்ளி" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பதினைந்து, பதினெட்டு என்று அது ஏறும். தொடக்க மாதங்களில் 30,000 வரைகூடப் போகும்.

30,000 தள்ளி எடுத்தவர் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு 70,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 25,000 இருபது பேருக்கும் கழிவாகப் பிரியும். சில ஊர்களில் இதைக் கசர் என்பார்கள். தலைக்கு 1,250 ரூபாய் கழிவு என்றால், அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 3,750 ரூபாய்தான். முதலில் எடுப்பவர் உண்மையில் கடன் வாங்குகிறார். கடைசிவரை காத்திருப்பவர் வட்டிக்குக் கொடுக்கிறார். இந்த இரண்டு சொற்களையும் அந்தக் கூடத்தில் யாரும் உச்சரிப்பதில்லை. "சீட்டு எடுத்துவிட்டேன்", "இன்னும் எடுக்கவில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதே தெருக்கோடியில், வேப்பமரத்தடியில், அதே நேரத்தில் வேறு சிலர் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கேயும் சீட்டுதான் நடக்கிறது. "பணம் வைத்துச் சீட்டாடிய ஏழு பேர் கைது, சீட்டுக்கட்டு பறிமுதல்" என்று நாளிதழில் ஒற்றைப் பத்திச் செய்தியாக வருமே, அந்தச் சீட்டு.

தமிழில் இந்த ஒரு சொல் சுமக்கிற சுமை கொஞ்சமல்ல. ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு, நகைச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, அடகுச்சீட்டு, பரிசுச்சீட்டு, சீட்டுக்கட்டு, கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதுபோல் எடுக்கிற திருவுளச்சீட்டு. பெயரைப் பார்த்தால் எது சேமிப்பு, எது சூது என்று தெரியாது. வினைச்சொல்தான் பிரித்துக்காட்டும். "சீட்டுப் போட்டிருக்கிறாள்" என்றால் கெட்டிக்காரி. "சீட்டாடுகிறான்" என்றால் குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது. வினையும் சில இடங்களில் ஒன்றாகிவிடுகிறது. குலுக்கல் சீட்டில் பெயர் வந்தவரும் "எனக்குச் சீட்டு விழுந்தது" என்கிறார். லாட்டரியில் பரிசு அடித்தவரும் அதையேதான் சொல்கிறார்.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சிக்கனத்தையும் சூதையும் எதிரெதிர்க் குணங்களாக வைத்துப் பேசியே பழகிவிட்டோம். சேமிக்கிறவர் ஒரு ஆள், சூதாடுகிறவர் வேறொரு ஆள் என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நான் பார்த்தது அப்படி இல்லை. இரண்டையும் ஒரே ஆசைதான் இழுத்துச் செல்கிறது. மொத்தமாக ஒரு தொகை கைக்கு வர வேண்டும் என்ற ஆசை அது.

கூலி சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சம்பளம். கட்டட வேலையில் அன்றாடக் கூலி. ஆனால் வாழ்க்கையைப் புரட்டிப்போடுகிற செலவுகள் சொட்டுச் சொட்டாக வருவதில்லை. ஜூன் மாதப் பள்ளிக்கட்டணம், வாடகை வீட்டு அட்வான்ஸ், காதுகுத்து, ஆழ்துளைக் கிணறு, ஆஸ்பத்திரி என்று எல்லாமே மொத்தமாக வந்து நிற்பவை. சில்லறையாக வருகிற பணத்தை மொத்தமாக மாற்றுவது எப்படி என்பதுதான் சிறு வருமானக்காரர்களின் நிரந்தரக் கேள்வி. ஒரே கேள்விக்குச் சீட்டு பொறுமையாகப் பதில் சொல்கிறது, லாட்டரி அவசரமாகச் சொல்கிறது.

"கையில் வைத்திருந்தால் கரைந்துவிடும்" என்று சொல்லாத வீடு உண்டா? பணம் கரைவதற்குச் செலவாளியாக இருக்கத் தேவையில்லை. கொழுந்தனார் கைமாற்றுக் கேட்பார். பக்கத்து வீட்டில் சாவு விழும். வீட்டில் பணம் இருப்பது தெரிந்த பிறகு இல்லை என்று சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது. அதனால் பணத்தைத் தன் கைக்கே எட்டாத இடத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. தபால் நிலையத் தொடர்வைப்புக் கணக்கில் ஒரு மாதம் கட்டாமல் விட்டால் யாரும் வீட்டுக்கு வந்து கேட்கப்போவதில்லை. சீட்டில் அப்படி விட முடியாது. பத்தொன்பது பேர் முகத்தில் விழிக்க வேண்டும். அந்த வெட்கம்தான் ஏலச்சீட்டின் முதலீடு.

எட்டாத இடத்தில் வைப்பதில் பெண்களுக்குத் தனித் தேர்ச்சி உண்டு. அதற்குத் தனிச்சொல்லே இருக்கிறது: சிறுவாடு. பால், முட்டை, நெய் விற்ற காசு, ஆட்டுக்குட்டி விற்றதில் தனக்கென்று ஒதுக்கியது, கடைக்குப் போய் வந்ததில் மிஞ்சிய சில்லறை, இவை எல்லாம் சேர்ந்தது. கணவனுக்குத் தெரியும், ஆனால் கேட்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். அரிசிப்பானை, சுருக்குப்பை, பழைய பட்டுப்புடவையின் மடிப்பு ஆகியவையே அந்த வங்கியின் கிளைகள்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது இந்த வங்கிகள் எல்லாம் ஒரே வாரத்தில் திறந்துகொண்டன. மறுநாள் காலை அம்மா அஞ்சறைப்பெட்டியைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார். கடுகு, சீரகம், வெந்தயக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துவிட்டு, அடியில் விரித்திருந்த தாளைத் தூக்கினார். எட்டாக மடித்த 500 ரூபாய் நோட்டுகள் பதினேழு இருந்தன. மடிப்பில் மஞ்சள்பொடி ஏறி, விரித்தபோது வெந்தய வாசம் அடித்தது. அப்பா எண்ணி முடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. திருட்டைக் கண்டுபிடித்தவர்போல் அவர் பார்க்கவில்லை, ஆனாலும் அம்மா தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றார். 8,500 ரூபாயைவிட, அது வெளியே தெரிந்துபோனதுதான் அவருக்குப் பெரிய இழப்பு. கறுப்புப் பணத்தைப் பற்றி அந்த நாட்களில் எவ்வளவோ பேசினோம். சிறுவாட்டின் ரகசியம் பறிபோனதைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

பெண்ணின் கையில் அவள் பெயரிலேயே கொஞ்சம் பணம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கும் பிறகு பிடிபட்டது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும், 2023 செப்டம்பர் 15இல் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கும் அடியில் இருப்பது அந்த அஞ்சறைப்பெட்டிதான்.

மொய் இன்னொரு வகை. கல்யாண வீட்டில் 101, 501 என்று ஒற்றை ரூபாய் சேர்த்து எழுதுவதை அன்பளிப்பு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். மொய் நோட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற வீடுகளுக்குத் தெரியும், அது திருப்பித் தர வேண்டிய பணம் என்று. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்கள் சந்திக்கிற கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் இதற்குக் கல்யாணம்கூடத் தேவையில்லை. ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்துக்கென்றே பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போடுவார்கள். வந்தவர்கள் முன்பு வாங்கியதைத் திருப்பிச் செய்து அதற்கு மேலும் கொஞ்சம் எழுதிவிட்டுப் போவார்கள். விருந்து வைத்தவர் அந்த மொத்தப் பணத்தில் தென்னந்தோப்பு வாங்குவார், கடையை விரிவாக்குவார், பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பார். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்து கையோடு ரசீது கொடுக்கிறார்கள். அசல் திரும்பி வருவதற்கு ஊர்தான் ஜாமீன். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பகுதியின் தென்னைகளைச் சாய்த்தபோது, மொய்யைத் திருப்பிச் செய்ய வழியில்லாமல் திணறியவர்கள் பட்ட பாட்டிலிருந்து அந்த ஜாமீனின் கனம் எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம்.

தங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குண்டுமணியாவது வாங்கி வைக்க வேண்டும் என்பது பாட்டிமார் வாக்கு. நகைக்கடைச் சீட்டில் பதினோரு மாதம் கட்டி எடுக்கிற நகை, அவசரம் வந்தால் அடகுக்குப் போகும், வட்டி கட்டினால் திரும்பி வரும், கட்ட முடியாவிட்டால் "மூழ்கிவிடும்". ஏலம் போனது என்று சொல்லாமல் மூழ்கியது என்று சொல்கிற அந்தச் சொல்லில் ஒரு சாவுச் செய்தியின் கனம் இருக்கிறது.

இந்த ஏற்பாடுகளை எல்லாம் புகழ்ந்துகொண்டே போக முடியாது. பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி குற்றம். பதிவு பெற்ற நிறுவனங்கள் வாங்கும் கமிஷனுக்கும் உச்சவரம்பு உண்டு. 2019 திருத்தத்தில் அது 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமானது. தெருச்சீட்டுகளுக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. எங்கள் வீட்டிலேயே ஒரு வருடம் தீபாவளிச் சீட்டுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் கட்டினோம். எண்ணெய், வெல்லம், இனிப்பு, பட்டாசுப் பெட்டி, ஒரு வெள்ளிக்காசு என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள். ஐப்பசி பிறந்தபோது அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. 6,000 ரூபாய் போனதைவிட, தன்னை நம்பிச் சேர்ந்த மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டியதுதான் அம்மாவை வாட்டியது. அந்த மூவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தப் பணத்திலிருந்து திருப்பிக் கொடுத்தார். சட்டப்படி அவர் தர வேண்டியதே இல்லை.

இனி மரத்தடிப் பக்கம் வருவோம்.

கேரளத்தில் 1967இல் நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு அரசு லாட்டரியைத் தொடங்கினார். ஒரு ரூபாய் டிக்கெட், முதல் பரிசு 50,000 ரூபாய், முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. அதே 1968இல், அண்ணா முதல்வராக இருந்தபோது, தமிழ்நாடும் பரிசுச்சீட்டைக் கொண்டுவந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற அதன் முழக்கம் இன்றைக்கும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. எவ்வளவு கூர்மையான வாசகம் அது! சிக்கனமாக வாழ்கிற ஒரு குடும்பத்தலைவருக்கு ஒரு ரூபாயைச் சூதில் விடுவது உறுத்தும். அந்த உறுத்தலை இந்த ஒரு வரி எடுத்துவிட்டது. தோற்றாலும் காசு வீணாகவில்லை, தர்மக்கணக்கில் சேர்ந்துவிட்டது. சூதை வீட்டுக்குள் அழைத்துவர இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடைத்திருக்காது.

தொண்ணூறுகளில் பஸ் நிலையம் எங்கும் லாட்டரிக் கடைகள். பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று வரைபடத்தில் காட்டச் சொன்னால் விழிக்கிறவர்களின் சட்டைப்பையில் அந்த ஊர்களின் டிக்கெட்டுகள் இருந்தன. சுரண்டல் லாட்டரி வந்தது, ஒற்றை எண் லாட்டரி வந்தது. வாரம் முழுக்கக் காத்திருந்த காலம் போய், நின்ற இடத்திலேயே விழுந்ததா இல்லையா என்று தெரிந்தது. ஆபத்து அங்கேதான் தொடங்கியது என்பது என் கருத்து. வாரக் குலுக்கல் டிக்கெட் வாங்கியவர் ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் கனவை வாங்கினார். சுரண்டியவருக்குக் கனவு காணவே நேரமில்லை. அடுத்த சீட்டை வாங்கத்தான் நேரம் இருந்தது. 1998இல் மத்திய அரசு கொண்டுவந்த லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் ஒற்றை எண் அடிப்படையில் பரிசு தருவதற்குத் தடை விதித்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனையையே தடை செய்தது.

தடைக்குப் பிறகு ஆசை எங்கே போகும்? எல்லை தாண்டிப் போனது. கோவைக்கு அப்பால் வாளையாறு, செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு. கேரளத்துக்குள் நுழைந்ததும் வரிசையாக நிற்கிற டிக்கெட் கடைகளில் தமிழ்க்குரல்கள்தான் அதிகம் கேட்கும். எல்லை வரை போக வழியில்லாதவர்களுக்கு மூன்று எண் லாட்டரி முளைத்தது. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களைச் சரியாகச் சொன்னால் பணம் என்று டீக்கடை ஓரத்தில் துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கிற கள்ள வியாபாரம் அது. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஆயிரத்தில் ஒன்று என்று கணக்காகச் சொன்னால் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் கேட்பவர் காதில் விழுவது "மூன்றே மூன்று எண்" என்பதுதான். பைக் நம்பர், கனவில் வந்த நம்பர், குழந்தை பிறந்த தேதி என்று எழுதுவார்கள். 472 எழுதியவருக்கு 473 வந்தால் "ஒரு நம்பரில் போய்விட்டது" என்பார். 472க்கும் 473க்கும் உள்ள தூரம், 472க்கும் 018க்கும் உள்ள தூரமேதான். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தலையாட்டிவிட்டு மறுநாளும் எழுதுவார்கள். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பமே இந்த மூன்று எண்ணால் வந்த கடனில் அழிந்தது. அந்த வாரம் மாநிலமெங்கும் சோதனை நடந்தது.

இதற்கு மறுபக்கமாக 2023இல் இரண்டு செய்திகள். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடி நகராட்சியில் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் பதினோரு பெண்கள் சேர்ந்து 250 ரூபாய்க்கு மழைக்கால பம்பர் டிக்கெட் ஒன்று வாங்கினார்கள். ஒன்பது பேர் 25 ரூபாய் போட்டார்கள். மீதி இரண்டு பேரிடம் அவ்வளவு இல்லாததால் ஆளுக்கு 12 ரூபாய் 50 காசு போட்டு ஒரு பங்கை நிரப்பினார்கள். 10 கோடி ரூபாய் விழுந்தது. அடுத்த சில வாரங்களில், வாளையாறில் வாங்கிய ஓணம் பம்பர் டிக்கெட்டுக்கு 25 கோடி ரூபாய் முதல் பரிசு வந்தது. அதை வாங்கியவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வர். பரிசுத் தொகையைவிட எனக்கு அந்த 12 ரூபாய் 50 காசுதான் மனத்தில் நிற்கிறது. சூதைக்கூட அவர்கள் சீட்டுப்போல் பங்கு பிரித்து ஆடியிருக்கிறார்கள். இழப்பு என்றாலும் ஆளுக்கு ஒரு டீச் செலவோடு போயிருக்கும்.

ஆன்லைன் ரம்மி வந்தபோது முதலில் காணாமல் போனது இந்தப் பங்காளிகள்தான். ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடுகிற ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே சொல்லியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் கம்பெனிகள் வழக்காடின. தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடையை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆன்லைன் சூதாட்டத்தை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த சட்டம் ஆளுநர் திருப்பியனுப்பியதையும் கடந்து 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்திலிருந்தும் ரம்மியையும் போக்கரையும் உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் விலக்கியது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடக்கூடாது என்று மாநிலம் விதி போட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்து சட்டம் இயற்றியது.

திறமையா அதிர்ஷ்டமா என்று இத்தனை ஆண்டுகள் வாதாடியதில், யாரோடு உட்கார்ந்து ஆடுகிறோம் என்ற கேள்வி விடுபட்டுப்போனது. வேப்பமரத்தடி ஆட்டத்தில் சட்டைப்பை காலியானால் எழுந்துதான் ஆக வேண்டும். கடன் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் மச்சானாகவோ பெரியப்பா மகனாகவோ இருப்பார். "போதும், எழுந்து வீட்டுக்குப் போ" என்பார். தோற்ற செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதுவும் ஒரு வேலிதான். போனில் இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் ஆடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? பணம் நோட்டாகக் கையைவிட்டுப் போவதில்லை. திரையில் ஒரு எண் குறைகிறது. அதே போனில் இன்னொரு செயலி ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறது. நள்ளிரவு விதியைப் போட்டவர்களுக்கு இந்தத் தனிமை புரிந்திருக்கிறது என்பது என் எண்ணம். எந்நேரமும் திறந்திருந்த கடைக்கு முதல்முறையாக ஒரு கதவு போட்டார்கள்.

எங்கள் தெருச்சீட்டு இப்போது பதினான்காவது மாதத்தில் இருக்கிறது. அம்மா இன்னும் எடுக்கவில்லை. எப்போதும் கடைசிச் சீட்டுதான் எடுப்பார். அஞ்சறைப்பெட்டியின் அடியில் இப்போது நோட்டுகள் இல்லை, அந்தக் காசு எல்லாம் சீட்டுக்குப் போய்விடுகிறது. ஆனால் பாலக்காட்டில் வேலை பார்க்கிற சித்தப்பா மகன் ஆவணியில் ஊருக்கு வரும்போது, 500 ரூபாயைத் தெருவில் நான்கு பெண்கள் பங்கு போட்டு வாங்கச் சொன்ன ஓணம் பம்பர் டிக்கெட்டைக் கொண்டுவந்து தருவான். அம்மாதான் அதைப் பத்திரப்படுத்துவார். குலுக்கல் முடிந்து, விழவில்லை என்று தெரிந்த பிறகும் கிழித்துப் போடுவதில்லை. போன வருடத்து டிக்கெட் சீட்டு நோட்டுக்குள் இன்னும் இருக்கிறது. பின்பக்கத்தில், பரிசு விழுந்தவர் பெயரும் முகவரியும் எழுத விட்டிருக்கிற இடத்தில், அந்த மாதத்துப் பால் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்.